ஓட்டக் கணக்கு

எதிர் வீட்டு லிஃப்ட்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார் என்பது எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது. அதற்கு முன்னால் அந்த மனுஷன் நாலாம் மாடியில் சிரித்தால் தரைத்தளத்தில் சைக்கிள் பூட்டுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து, ரத்தக் குழாயில் ஸ்பிரிங் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார், களைப்பாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவரிடம் ஒரு கதை சொன்னேன். நான் தபால் ஆபீஸில் பதிவுத் தபால் வாங்குகிறவள். தபால் ஒழுங்காகப் போகிறதா என்று சோதித்துப் பார்க்கத் தன் விலாசத்துக்கே ஒன்றை அனுப்பிவிட்டு, அது வந்த நேரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விட்ட ஒருத்தர், என்னிடமே சண்டைக்கு வந்த கதை. பாதியில் லிஃப்ட்காரர் கையைத் தூக்கித் தடுத்தார்.

“வேணாம் மேடம். முடிவைச் சொல்லாதீங்க.”

“ஏன், தெரிஞ்ச கதையா?”

“சிரிப்பு வந்துடும் போலிருக்கு. இன்னிக்கு ஏற்கெனவே ரெண்டு தடவ ஏறிடுச்சு.”

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். நாடித் துடிப்பை எண்ணுகிற கறுப்பு வாட்ச். எழுபத்தொன்பது என்றிருந்தது. அது எழுபதுக்கு இறங்கும்வரை மூச்சை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். என்னவோ நடக்கிறது என்று நானும் கூடவே நின்று, என் பஸ்ஸைக் கோட்டை விட்டேன்.

இந்தக் கூத்து எங்கிருந்து வந்தது என்று புரிய லிஃப்ட் ரிப்பேர் வேலை கொஞ்சம் தெரிய வேண்டும். எனக்கும் தெரியாது, அவர் சொல்லித்தான் தெரியும். லிஃப்ட் ஒரு தடவை கிளம்பி நின்றால் அது ஒரு ஓட்டம். மொட்டை மாடிக்கு மேலே இருக்கிற மோட்டார் அறையில் ஒரு சின்ன மீட்டர் ஒவ்வொரு ஓட்டத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கும். கம்பி வடம், பிரேக் கட்டை, எதற்கும் ஆயுசு வருஷத்தில் இல்லை, ஓட்டத்தில்தான். இத்தனை லட்சம் ஓட்டம் என்றால் அத்தனைதான். சோம்பேறி மெக்கானிக் வடம் பிரிகிறவரை காத்திருப்பான். இவர் அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே மாற்றிவிடுவார். முப்பத்தோரு வருஷத்தில் இவர் பார்த்துக்கொண்ட எந்த லிஃப்ட்டிலும் ஆள் மாட்டிக்கொண்டதில்லை. கம்பெனியில் அவருக்கு அதனால்தான் பெயர்.

சில சமயம் மாற்றுப் பாகம் கிடைக்காது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழசு, இரண்டு கம்பிக்கதவும் கையால் இழுத்துச் சாத்த வேண்டியது. ஒருமுறை அதற்குப் பல்சக்கரம் ஒன்று வரவே மூன்று மாதம் ஆகும் என்றார்கள். இவர் உடனே ஒரு அட்டையில் ‘மூன்றாம் மாடி வரை படியில் போகவும்’ என்று எழுதித் தொங்கவிட்டார். ஓட்டத்தைக் குறைத்தார், மூன்று மாதம் இழுத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா, பாவம், தைரியம் சொல்லத்தான் சொன்னார்: “உங்க ஹார்ட் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவ அடிக்குதுங்க. அம்பத்தாறு வருஷமா லீவே போடல. நல்லா நடங்க, பிடிச்சதை அளவாச் சாப்பிடுங்க, சந்தோஷமா இருங்க.” இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் இவர் காதில் விழுந்தது. மாற்ற முடியாத பாகம், நாளைக்கு ஒரு லட்சம் ஓட்டம். வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்து கம்பெனியின் பழைய பராமரிப்பு நோட்டு ஒன்றை எடுத்துப் புதுப் பக்கத்தில் தேதி போட்டார்.

நடைப் பயிற்சி வேண்டாம், அதில் நாடி நூற்றுப் பத்துக்குப் போகிறது. டாக்டர் சொன்னாரே என்றால், டாக்டருக்கு வைத்தியம் தெரியும், இயந்திரம் தெரியாது என்பார். கம்பெனியில் சொல்லி வெளி வேலையை விட்டு, புகார் போன் எடுக்கிற மேசைக்கு மாறிக்கொண்டார். டிவியில் மேட்ச் பார்ப்பதில்லை. உப்பு இல்லை, காரம் இல்லை, காபி இல்லை. எழுபத்திரண்டை அறுபதாக்கினால் நாளைக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம் மிச்சமாம். அதை வருஷமாக்கி எனக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அவர் மனைவியை எல்லோரும் டெய்லர் என்போம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். ஐம்பத்தோரு வயதிலும் நாலு மாடியைப் படியிலேயே ஏறி வருவாள், ஏறும்போதே யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு வருவாள். ஒரே பிள்ளை, கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு முறை முகத்தைக் காட்டுவான். ஆகவே வீட்டில் இரண்டு பேர்தான், அதில் ஒருத்தர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் மூன்று ஏற்றுகிறது என்றார், அவர் வேலைக்குப் போன பிறகு மட்டும் தைத்தாள். அவள் குறட்டை நாலு ஏற்றுகிறது என்று சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். இருபத்தேழு வருஷம் அந்தக் குறட்டையில்தான் தூங்கியவர்.

அந்த மாதம் வானம் வேறு படுத்தியது. தினமும் மத்தியானம் கறுத்துக்கொண்டு வரும், காற்று துணிகளைக் கொடியோடு முறுக்கும், ஒரு சொட்டுக்கூட விழாமல் கலைந்துவிடும். எல்லோருக்கும் உடம்பு கசகசவென்று, யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெய்லர் என் சமையலறைக்குள் வந்து, வாணலியில் நான் பொரித்துக்கொண்டிருந்த மீனைக் கேட்காமல் எடுத்தாள்.

“சுடும்டி!”

“சுடட்டும். உப்பு இருக்கில்ல, அது போதும்.” நின்றபடியே ஊதி ஊதித் தின்றாள். “எனக்காகத் தனியா உப்பு போட்டுக்கலாம். ஆனா அந்த மனுஷன் எதிர்ல உக்காந்து வெந்த கீரைய மெல்லுறதைப் பாத்துட்டே எப்படித் தின்கிறது? அதனால நானும் கீரை.”

“இன்னும் எத்தனை நாளைக்காம்?”

“நாளா? நாலஞ்சு வருஷம் கூடுதலாக் கிடைக்கும்ங்கிறாரு. கிடைச்சா அதை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அதையும் இதே மாதிரி பத்திரமாப் பாத்துக்குவாராம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

“உக்காந்து பேசிப் பாக்கிறதுதானே?”

“எதை வெச்சுப் பேசுறது அக்கா? சண்டை போட்டா பதினஞ்சு ஏறுது. அழுதா பத்து. சும்மா பக்கத்துல போய் உக்காந்தாலே வாட்சைப் பாக்கறாரு. ஒரு மனுஷி எத்தனை நாள் சொந்த வீட்டுல கால் விரல்ல நடப்பா? எனக்கு ராத்திரியெல்லாம் கால் குடையுது. எங்கேயாவது ஓடணும் போல இருக்கு.”

அவள் சொன்னது சும்மா பேச்சில்லை. உட்கார்ந்த இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நாலு தடவை நடந்தாள், என் ஸ்டூலை நகர்த்தினாள், திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள். மலைப்பக்கம் ஒரு ஊரில் அவள் தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஆள் போதவில்லை, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்து மணி நேர வண்டிப் பயணம். லிஃப்ட்காரரையும் டெய்லர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நடுவில் நாற்பது மைல் ஆஸ்பத்திரி இல்லாத சாலை என்று அவர் வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

அவளைக் கிளப்பிவிட்டது அந்த நோட்டுதான். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். ஏதோ துணி அளவு குறிக்க வெள்ளைத் தாள் தேடியிருக்கிறாள், கையில் இது அகப்பட்டிருக்கிறது.

“படிங்க” என்று மேசையில் போட்டாள்.

கம்பெனி நோட்டு. நாள், நேரம், ஓட்டம், குறிப்பு என்று அச்சடித்த கட்டங்கள். முதல் பக்கங்களில் படி, காரம், பஸ், மானேஜர் என்றெல்லாம் இருந்தது. போகப் போக வேறு மாதிரி ஆனது. ‘காலை 6.40. ஜன்னலோரம் நின்று தலை துவட்டினாள். எட்டு கூடுதல்.’ ‘மாலை 5.15. தைத்துக்கொண்டே பாடினாள். ஒன்பது. கதவைச் சாத்தினேன், இறங்கியது.’ ‘போனில் யாரிடமோ சிரித்தாள். பதினொன்று.’ அவள் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பிய தேதியில் ‘உள்ளே வந்தாள். பதினாலு’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். சிவப்பு வட்டம் என்றால் கவனித்துக் குறைக்க வேண்டியது என்று அட்டையின் உள்பக்கத்தில் குறிப்பு வேறு.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசியில், “இந்த மாதிரி எந்தப் புருஷனும் எழுதினதில்லடி” என்றேன்.

“அதான் அக்கா.” நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இருபத்தேழு வருஷத்துல நல்லா இருக்கேன்னு வாயைத் திறந்து ஒரு தடவ சொன்னதில்ல. இங்க நேரம் போட்டு எழுதி வெச்சிருக்காரு. எழுதிட்டு, குறைக்கணும்னு வட்டம் போட்டிருக்காரு. நான் அவருக்குப் பீடி மாதிரி, எண்ணெய்ப் பலகாரம் மாதிரி. விட்டுட்டா ஆயுசு கூடும். சரி, நானே விட்டுக் குடுத்துடறேன். மெஷினையும் எடுத்துட்டுத்தான் போறேன். இனி அங்கதான்.”

மெஷினை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒரு தையல்காரி சொன்னால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. மூக்கின்மேல் கோபத்தோடு நான் எதிர் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“உங்க மனசுல என்னதான் நெனச்சிட்டிருக்கீங்க? அவ கிளம்புறா, தெரியுமா?”

“சொன்னா.” வாட்சைப் பார்த்தார். “மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

“முடியாது.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அன்னிக்கு மோட்டார் ரூம்ல தனியா விழுந்தேன் மேடம். நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி. கத்த முடியல. சாமியெல்லாம் ஞாபகத்துக்கு வரல. காலையில நீல நூல்கண்டு ரெண்டு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தா. அது பையில இருக்கு, இவளுக்கு யாரு கொண்டுபோய்க் குடுப்பாங்கன்னுதான் ஓடிச்சு. நான் எனக்காக எண்ணல. அவ எழுபது வயசுல தனியா நிக்கக் கூடாதுன்னு எண்ணிட்டிருக்கேன்.”

“இப்ப அம்பத்தொண்ணுலயே தனியா நிக்கிறாளே?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட ஆரம்பித்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. டெய்லர் ஐந்து மணிக்கே எழுந்து வீட்டைப் பெருக்கி, கீரை நறுக்கி டப்பாவில் போட்டு, துணி மூட்டைகளைக் கீழே இறக்கியிருந்தாள். நான் லீவு போட்டிருந்தேன். மெஷின் பழைய இரும்புக் கால் மெஷின், மலை மாதிரி கனம். வேன் டிரைவரும் நாங்களும் தள்ளி லிஃப்ட் வரை கொண்டுவந்தோம். அவள் திரும்ப உள்ளே போய் அவர் முன்னால் நின்றாள்.

“போறேன்” என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் வெறுமனே போறேன் என்று சொல்ல மாட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மெஷினை லிஃப்ட்டுக்குள் ஏற்றவே பத்து நிமிஷம் பிடித்தது. அது உள்ளே போனபின் இரண்டு பேருக்குத்தான் இடம். வேன் டிரைவர் படியில் இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்தும் முன் எட்டிப் பார்த்தேன், எதிர் வீட்டு நாற்காலி காலியாக இருந்தது. பாத்ரூமுக்குப் போயிருப்பார், வழியனுப்பக்கூடத் தெம்பில்லாத ஆள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் ஒரு உறுமு உறுமிக் கிளம்பியது. பாதி மாடி இறங்கியிருக்கும், மடாரென்று நின்றது. விளக்கு அணைந்தது. மெஷின் சரிந்து உள்கம்பிக்கதவில் மோத, கதவு தடத்தை விட்டுப் பிதுங்கி வளைந்தது. இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் என் கால் போயிருக்கும்.

டெய்லர் மேலே பார்த்துக் கத்தினாள்.

“யாராவது இருக்கீங்களா? கரண்ட் போயிடுச்சா?”

மேலே, வடம் தொங்குகிற உச்சியிலிருந்து பதில் வந்தது. “போகல.”

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஏங்க? நீங்களா? மேல எப்படிப் போனீங்க?”

“படியேறித்தான்.” மூச்சு இரைத்தது. “மெயின் சுவிட்சை இழுத்துட்டேன்.”

“இழுத்தீங்களா?”

“மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுது. நீ இறங்குறேன்னு தெரிஞ்சுது. கை தானா சுவிட்சுக்குப் போயிடுச்சு.”

“யோவ்!” என்று டெய்லர் அலறினாள். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. “உனக்குப் புத்தி கித்தி பிசகிப் போச்சாய்யா? உள்ள ரெண்டு பொம்பளைங்க இருக்கோம்!”

“தெரியும்.” மேலே அவர் எதன்மேலோ உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, “ஆள் உள்ள இருக்கும்போது மெயினை இழுத்தவன்னு ஒருத்தனை நானே வேலையை விட்டு அனுப்பியிருக்கேன்” என்று சொன்னார். குரலில் அழுகை இருந்தது. “அடி பட்டுதா உங்களுக்கு?”

“படல. கரண்டைப் போடுங்க.”

“உள்கதவு சாத்தியிருக்கா?”

“மெஷின் இடிச்சு வளைஞ்சு கிடக்கு.”

“அப்போ கரண்ட் குடுத்தாலும் ஓடாது. கதவு சேரலைன்னா அது நகராது. கையாலதான் நகர்த்தணும்.” இரும்பு ஏதோ இழுபடுகிற சத்தம். “ரெண்டு பேரும் கதவை விட்டுத் தள்ளி, பின் சுவத்தை ஒட்டி நில்லுங்க. கை காலை நீட்டாதீங்க.” இதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது. முப்பத்தோரு வருஷக் குரல் அது. நாங்கள் சொன்னபடி ஒட்டி நின்றோம்.

“மேலயா, கீழயா?” என்று கேட்டார்.

டெய்லர் அண்ணாந்து கேட்டாள்: “உங்களுக்கு எது லேசு?”

“மேல. எதிர்ப் பக்கம் எடைக்கல்லு தொங்குது, உங்களைவிட அதுதான் கனம். பிரேக்கை விட்டாலே தானா மேல வந்துடும். அரை மாடிதான்.”

“கீழ?”

“மூணரை மாடி. கல்லுக்கு எதிரா சக்கரத்தைச் சுத்தணும்.”

“கம்பெனிப் பசங்களைக் கூப்பிட்டா?”

“ரெண்டு மணி நேரமாகும். அவங்களும் மேலதான் விடுவாங்க.”

அவள் மெஷினின் மேல் கையை வைத்தாள். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. ஐந்து மணியிலிருந்து பெருக்கி, கட்டி, இறக்கி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஏறியவள். மேலே போனால் நாலாம் மாடி, அதே கதவு, அதே கீரை. இன்னொரு முறை கிளம்ப அவளால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“மேலயே விடுங்க” என்றாள். “சுத்த வேணாம். நெஞ்சு தாங்காது.”

கொஞ்ச நேரத்தில் கூண்டு லேசாக அதிர்ந்தது, நகர்ந்தது. வளைந்த கதவு வழியாக எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரை பெயர்ந்த இடம் ஒன்று மெதுவாக மேலே போனது. அதற்குக் கீழே சிவப்பு பெயின்ட்டில் ‘3’ என்ற எண் எழும்பி வந்தது.

“அக்கா,” என்று டெய்லர் என் தோளைப் பிடித்தாள், “இது கீழ போகுது.”

“ஆமா.”

“ஏங்க! மேலன்னு சொன்னேன்!”

“கேட்டுது.” மேலிருந்து ஒரு முக்கல். “நீ கீழ போகத்தானே… கிளம்பினே.”

“நிறுத்துங்க! எவ்வளவு அடிக்குது? வாட்சைப் பாருங்க!”

“கழட்டி வெச்சிட்டேன். சக்கரத்துல கை போடும்போது… கையில ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“செத்துக் கித்துத் தொலைக்காதீங்க, சொல்லிட்டேன்!”

“பயமாத்தான் இருக்கு” என்றார். கொஞ்சம் சுற்றினார், நின்றார். “ரொம்பப் பயமா இருக்கு. காலையில நீ போறேன்னு சொன்னப்ப அறுபத்திரண்டுதான் இருந்துச்சு. பொணம் மாதிரி. உனக்கு ஒண்ணுமே ஆகலையாடான்னு என்னையே கேட்டுக்கிட்டேன். அப்புறம்தான் படி ஏறினேன்.”

அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒரு சுற்றுக்குக் கூண்டு நாலு விரல்கடை இறங்கியிருக்கும். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். அங்கேயே எங்களை இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். மெஷினை யார் தூக்குவது என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இரண்டாம் மாடியில் ரொம்ப நேரம் நின்றார். அப்போது அவள் விடாமல் பேசினாள். நிற்கிற கூண்டுக்குள் அண்ணாந்தபடி, தண்ணீர் இருக்கிறதா, உட்கார்ந்து கொள்ளுங்கள், ஜன்னலைத் திறங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை, நீங்கள் ஒரு மடையர், என்று வாய்க்கு வந்ததெல்லாம். பேச்சு நின்றால் மேலே அவரும் நின்றுவிடுவார் என்பது போலப் பேசினாள். “இருக்கேன், இருக்கேன்” என்று அவ்வப்போது மேலிருந்து குரல் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வேன் டிரைவர் வெளிக்கதவை இழுத்துத் திறந்தபோது என் புடவை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

வேன் டிரைவரும் தரைத்தளத்து ஆட்களும் மெஷினை வேனில் ஏற்றினார்கள். டெய்லர் வந்து கடைசிப் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஏழு மாடி, அதற்கு மேல் இரும்பு ஏணி. காலடி கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது நின்றது. நின்றபோதெல்லாம் இவள் ஒரு படி ஏறினாள், கேட்டதும் இறங்கினாள். நான் ஒரு தடவை கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

லிஃப்ட்காரர் கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தார். சட்டை நனைந்திருந்தது, முழங்கை வரை கிரீஸ், முகம் செக்கச் செவேலென்று. ஒரு வருஷமாக அந்த முகத்தில் நான் ரத்தத்தைப் பார்க்கவில்லை.

“படியிலயா வர்றது?” என்று அவள் எரிந்து விழுந்தாள்.

“லிஃப்ட் நின்னுபோச்சே” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்த சிரிப்பு, நிறுத்தவும் முடியவில்லை. அவர் மணிக்கட்டைத் திருப்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, பற்கள் தெரிய, இரைத்துக்கொண்டே சிரித்தார். வேன் டிரைவர் எங்களைப் பைத்தியங்கள் என்று முடிவு கட்டி ஹார்ன் அடித்தார்.

“நானும் வரட்டா?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“நடுவுல நாப்பது மைலுக்கு ஆஸ்பத்திரி இல்ல.”

“தெரியும். நான்தானே சொன்னேன்.”

“அங்க எல்லாத்துலயும் உப்பு இருக்கும். தங்கச்சி வீட்டுல நாள் முழுக்க மூணு மெஷின் ஓடும். நான் பாடுவேன்.”

“சரி.”

மேலே ஆறாம் மாடி வாத்தியார் படிச் சுவருக்கு வெளியே தலையை நீட்டி, லிஃப்ட் என்ன ஆயிற்று, யார் பதில் சொல்வது, இதென்ன கட்டடமா சத்திரமா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு படி ஏறிவிட்டார். பிறகு நின்றார். “கதவு வளைஞ்சிருக்கு சார். யாரும் தொடாதீங்க. பசங்க சாயங்காலம் வருவாங்க” என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார். வேனின் படியில் ஒரு காலை வைத்தவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

“மாத்திரை மேல இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்.”

“ஏற வேணாம்.” டெய்லர் கைப்பையைத் திறந்து காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். காலை, மத்தியானம், ராத்திரி என்று அவள் கையெழுத்தில் எழுதிய சின்னச் சின்னத் துணிப் பைகள், யூனிஃபார்ம் துணியில் தைத்தவை. “ரெண்டு மாசத்துக்கு இருக்கு. தனியா வாங்கினது.”

“எப்ப எடுத்து வெச்சே?”

“கிளம்பறதுன்னு முடிவு பண்ண அன்னிக்கே.”

அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் ஏறினாள், கிரீஸ் கையைத் தன் நல்ல புடவையில் துடைத்துவிட்டாள். வேன் போய்விட்டது. எனக்கு ஒருத்தரும் கை காட்டவில்லை.

நான் படியேறினேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் தேய்மானம். இரண்டாம் மாடி தாண்டும்போது நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் காது அடைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்தேன். மேலே போனாலும் வீட்டில் ஆள் கிடையாது, பூட்டைத் திறக்க என் கைதான். அதனால் அவசரப்படாமல், ஆற அமர உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பொறாமைதான், வேறொன்றும் இல்லை.